ஒரு பிளாக்கில் ஒரே வண்டி

நாயுடுபேட்டை என்றால் நம் வாசக அன்பர்கள் பலருக்கும், சென்னையிலிருந்து விஜயவாடா மார்க்கமாகப் போகும்போது ஜன்னலுக்கு வெளியே ஓடி மறையும் ஒரு மஞ்சள் பலகைதான். சென்னை சென்ட்ரலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். ஸ்வர்ணமுகி ஆற்றங்கரை ஊர். காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குப் போகும் சாலை கல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து பிரிவது இங்கேதான். நான் டிப்ளமா படிப்போடு ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, இந்த மார்க்கத்தில் பல வருடங்கள் தண்டவாளத்தோடு நடந்து, 2019-இல் ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவன். அப்போது எங்கள் ஊர் நெல்லூர் மாவட்டம்; 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டம். வீட்டை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல் மாவட்டம் மாறிய பெருமை எங்களுக்கு உண்டு.

கொரோனா நாட்களில் வீட்டுக்குள் நடந்ததை எழுத வேண்டியதில்லை. கேரம் போர்டு, பழைய சினிமா, செல்போனில் பள்ளிக்கூடம் எல்லாம் உங்கள் வீட்டிலும் நடந்ததுதான். நான் சொல்ல வந்தது, வீட்டை விட்டு வெளியே போனதைப் பற்றி. எங்கே, எப்படி, எதை வைத்து முடிவு செய்து போனோம் என்பதை விளக்கமாகச் சொன்னால், வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு இன்னொரு சமயம் உதவலாம்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, மேனகூரு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி. ஆறாவது ஆள் என் மாமியார். அப்போது அவருக்கு வயது 82. பொன்னேரியிலிருந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போவதாக 2020 மார்ச்சில் வந்தார். மார்ச் 22-ஆம் தேதி மக்கள் ஊரடங்கு. அன்றோடு பயணிகள் ரயில்கள் நின்றன. 25-ஆம் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பொன்னேரியும் நாயுடுபேட்டையும் ஒரே பாதையில், சுமார் 75 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஊர்கள். ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவே மாநில எல்லை இருக்கிறது என்பது ஸ்டேஷன் பலகையில் எழுத்து மாறுவதைப் பார்த்தால்தான் எங்களுக்கு நினைவு வரும். அந்த எல்லையில் இப்போது போலீஸ் தடுப்பு நின்றது, இ-பாஸ் கேட்டார்கள்.

"மாப்பிள்ளே, நடந்தே போயிடறேன், விடுங்க" என்று அத்தை வேடிக்கையாகச் சொல்வார். ஆனால் மே மாத முடிவில், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகவே அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. நோய் எதுவும் இல்லை. நடக்காததுதான் காரணம். வயதானவர்களுக்குச் சில வாரம் படுத்தாலே தொடைத் தசை கரைந்துவிடும். பிறகு எழுந்தால் தடுமாற்றம், விழுந்தால் எலும்பு முறிவு. டாக்டர் போனில் சொன்னது ஒரே வார்த்தை: நடக்க வையுங்கள்.

எங்கே நடக்க வைப்பது? உள்துறை அமைச்சகத்தின் உத்தரவுப்படி 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களும் அவசியமின்றி வெளியே போகக் கூடாது. வீட்டில் வெளிக்காற்று யாருக்கு அதிகம் தேவையோ, அந்த இரண்டு பேருக்கும்தான் தடை. உத்தரவில் நியாயம் இருந்தது. தெருமுனைக் கடையில் இருந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே உத்தரவை மீறாமல் வழி தேட வேண்டியிருந்தது.

இங்கே கொஞ்சம் ரயில்வே பாடம். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள பாதைக்கு பிளாக் செக்ஷன் என்று பெயர். அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை அனுப்பும் முன் அடுத்த ஸ்டேஷனிலிருந்து 'லைன் கிளியர்' வாங்குவார். முன்னால் போன வண்டி முழுசாக வந்து சேர்ந்தால்தான் அவர் கொடுப்பார். அதோடு, வண்டி நிற்க வேண்டிய சிக்னலுக்கு அப்பாலும் கொஞ்ச தூரம் காலியாக இருக்க வேண்டும். பழைய இரண்டு நிலை சிக்னலுக்கு 400 மீட்டர்; இப்போதுள்ள பல நிலை சிக்னலுக்கு 180 மீட்டர். டிரைவர் நிறுத்தத் தவறினாலும் அந்த இடம் காப்பாற்றும். எங்களைப் போன்ற பாதைக்காரர்கள் தண்டவாளத்தில் கை வைக்க வேண்டுமானால் 'லைன் பிளாக்' கேட்க வேண்டும். எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி. "கொஞ்ச நேரம் வேலை இருக்கு சார்" என்றால் நடக்காது.

இதையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இடம், நேரம், எத்தனை பேர், அங்கே வேறு யார் இருப்பார்கள் என்ற நான்கையும் ஒரு பழைய டைரியில் எழுதினால்தான் உலா. மருமகள் முதலில் சிரித்தாள். பேத்திக்கு மட்டும் இது மிகவும் பிடித்துவிட்டது, "தாத்தா, லைன் கிளியரா?" என்று கேட்காமல் வாசற்படி தாண்டமாட்டாள்.

ஆனால் இடைவெளி மட்டும் போதாது, காற்றையும் பார்க்க வேண்டும். ஒரு சின்னப் பரிசோதனை சொல்கிறேன், நீங்களும் செய்து பார்க்கலாம். ஜன்னல்களை மூடிவிட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் ஒரு ஊதுவத்தி ஏற்றுங்கள். சில நிமிடங்களில் சமையலறைவரை வாசனை போய்விடும். அணைத்த பிறகும் நெடுநேரம் நிற்கும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் சீக்கிரம் குறையும். அதே ஊதுவத்தியை மொட்டை மாடியில் ஏற்றினால் நான்கடி தள்ளி நின்றவருக்கே தெரிவதில்லை. மூச்சில் வரும் நுண்துளிகளும் ஏறக்குறைய இப்படித்தான். மூடிய அறையில் அவை காற்றில் மிதந்து பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2021-இல்தான் தெளிவாகச் சொன்னது. அதுவரை ஊரே காய்கறியை மஞ்சள் நீரில் கழுவிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தவர்கள் குறைவு.

ரயில்வே இந்த விஷயத்தில் முன்னமே சரியாக யோசித்தது என்பது என் அபிப்பிராயம். 2020-இல் நோயாளிகளைத் தனிமைப்படுத்த 5,231 பெட்டிகளை மாற்றி அமைத்தார்கள். எல்லாம் குளிர்சாதனம் இல்லாதவை, ஜன்னல் திறக்கக்கூடியவை. நடு பெர்த்தைக் கழற்றி, ஒரு கழிவறையைக் குளியலறையாக்கி, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டார்கள். வெயிலில் பெட்டி கொதிக்கும் என்ற குறை இருந்தது, அது உண்மைதான்.

எங்கள் முதல் உலா மொட்டை மாடிக்கு. பதினெட்டுப் படி. கடைகள் இல்லாததால் கைப்பிடிக்குக் கொடிக்கயிற்றை இறுக்கிக் கட்டினேன். ஜூன் தொடக்கத்தில் அத்தை மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினார். வெறுமனே நடக்கச் சொன்னால் கேட்கமாட்டார் என்று மனைவி ஒரு தந்திரம் செய்தாள். கூழ் காய்ச்சிக் கொடுத்து, "அம்மா, வடாம் பிழிய எனக்குக் கை வரலை" என்றாள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், காக்கையை விரட்ட வேண்டும், சாயங்காலம் எடுத்து வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினார். பக்கத்து மாடியிலிருந்த தெலுங்குக்கார அம்மாளும் இவரும் இருபதடி இடைவெளியில் ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொள்வார்கள். ஒருவருக்கொருவர் எவ்வளவு புரிந்ததோ தெரியாது, நிறுத்தியதில்லை.

பேத்திக்கு மாடியிலிருந்து சரக்கு ரயில். பயணி வண்டிகள் நின்றாலும் சரக்கு நிற்கவில்லை. 58, 59 வேகன் எண்ணினால் நிலக்கரி, 45 என்றால் பெரும்பாலும் கண்டெய்னர் என்று சொல்லிக்கொடுத்தேன். கணக்கு வகுப்பு அதிலேயே முடிந்தது. எங்கள் பாதையில் வராத ஒரு வண்டியைப் பற்றியும் சொல்லுவேன். ரேணிகுண்டாவிலிருந்து டில்லிக்கு 2020 மார்ச் 26-இல் புறப்பட்ட பால் வண்டி. ஒரு டேங்கரில் 40,000 லிட்டர், ஆறு டேங்கர். "அவ்வளவு பாலுக்கு எவ்வளவு பூஸ்ட் வேணும் தாத்தா?" என்பது அவள் சந்தேகம்.

நவம்பர் 7 அன்று மாடியில் பெரிய விசேஷம். ஊரடங்குக்குப் பிறகு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட், பி.எஸ்.எல்.வி. சி-49. பார்வையாளர் மாடத்தை மூடிவிட்டார்கள். எங்களுக்கு மாடியே மாடம். 3 மணி 2 நிமிடத்துக்கு என்றிருந்தது பத்து நிமிடம் தள்ளிப்போனது. தென்கிழக்கில் சில விநாடி வெளிச்சம், பிறகு மேகத்துக்குள் போய்விட்டது. "சத்தமே இல்லையே" என்று அத்தை ஏமாந்தார். எண்ணச் சொன்னேன். ஏவுதளம் எங்கள் ஊரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி. பேத்தி 120 எண்ணும் சமயத்தில் தூரத்து உறுமல் வந்து சேர்ந்தது. அன்றைக்கு அத்தை அந்தப் பதினெட்டுப் படியையும் ஒரே ஒரு இடத்தில் நின்று ஏறியிருந்தார். எனக்கு ராக்கெட்டைவிட அதுதான் பெரிதாகப்பட்டது.

திரும்பி வந்த உலாவும் உண்டு. நவம்பர் கடைசியில் நிவர் புயல் மழையில் ஸ்வர்ணமுகியில் வெள்ளம். மணலையே பார்த்துப் பழகிய ஆற்றில் தண்ணீரைக் காட்ட பேத்தியை ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். பாலத்தருகே திருவிழாக் கூட்டம், தோளோடு தோள். திறந்த வெளிதான், ஆனால் லைன் கிளியர் இல்லை. தூரத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்துத் திரும்பினோம். அவள் அழுதாள்.

2021 மே மாதம் இரண்டாவது அலை. ஆந்திராவில் மே 5 முதல் பகல் 12 மணிக்கே ஊரடங்கு. அந்த மாதம் கிருஷ்ணபட்டணத்தில் நாட்டு மருந்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானோர் திரண்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவிலிருந்தும் போனார்கள். "இஞ்சினீர் காரு, வண்டியில் ஒரு சீட் இருக்கு" என்று என்னையும் கூப்பிட்டார்கள். மருந்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மூடிய வேனில் பத்துப் பேர், அங்கே போனால் மணிக்கணக்கில் வரிசை. அதைக் கணக்குப் பார்க்க மட்டும் தெரியும். போகவில்லை.

அத்தையின் பயணத்தைச் சொல்லாமல் விட்டேனே. 2021 பொங்கலுக்கு முன்னால், "என் வீட்டில் நானே பானை வைக்கணும்" என்று பிடிவாதமாக இருந்தார். சிறப்பு ரயில்கள் ஓடின. ஆனால் எல்லாம் முன்பதிவு, ஸ்டேஷனில் கூட்டம். குளிர்சாதனப் பெட்டியில் உள்ளே சுற்றும் காற்றுதான் பெரும்பகுதி. ஆகவே காரில் போனோம். மகன் நான்கு நாளாக வேலைக்கிடையே எல்லோரோடும் பழகியவன். அதனால் அவன் ஓட்டவில்லை, நான் ஓட்டினேன். ஏ.ஸி. இல்லை. முன் இடது ஜன்னலும் பின் வலது ஜன்னலும் திறந்து வைத்தால் காற்று குறுக்காக ஓடும். அத்தை பின்னால் இடது பக்கம், முக்காட்டுடன், மடியில் வடாம் டப்பா. தடாவைத் தாண்டியதும், "இனிமேல் மெதுவாவே போங்க, மாப்பிள்ளே" என்றார். பொன்னேரியில் காரிலிருந்து இறங்கி, தன் வீட்டு மூன்று படியை யார் கையையும் பிடிக்காமல் ஏறினார்.

வழியில் ஓர் இடம் உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன். தொரவாரிசத்திரத்துக்கு அருகே நேலப்பட்டு பறவைகள் சரணாலயம், எங்கள் ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். 1976-இல் ஏற்பட்டது. ஏரித் தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் சேர்ந்திருக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை சீசன். பொன்னேரியிலிருந்து திரும்பும்போது நானும் மனைவியும் அங்கே ஒரு மணி நேரம் நின்றோம். அடுத்த வாரம் பேத்தியையும் அழைத்துப் போனோம். ஊருக்கு வரும் அன்பர்கள் சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் பார்த்துவிடலாம். ரயிலில் வருபவர்கள், தங்கள் வண்டி தொரவாரிசத்திரத்தில் நிற்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளவும்; எல்லா வண்டியும் நிற்காது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டு வாருங்கள். குழந்தைகள் இருந்தால் பைனாகுலர் ஒன்று அவசியம்.