வாய் திறக்காத பிள்ளை

"என்ரை மகள் சரியான அமைதி. ஒருத்தரோடையும் கதைக்க மாட்டாள்." தீவகத்தில் எந்தத் தாய்மார் கூட்டத்துக்குப் போனாலும் இதைப் பெருமையாகச் சொல்லும் ஒரு அம்மாவையாவது காண்கிறேன். பக்கத்தில் இருப்பவர்களும் "குடுத்து வைச்சனீங்கள்" என்பார்கள். எனக்கு மனம் ஒப்புவதில்லை. பிள்ளைக்கு ஒரு சிநேகிதியாவது உண்டா என்று கேட்பேன். பெரும்பாலும் மறுமொழி வராது.

இந்த அமைதி சும்மா வந்ததல்ல. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்ட்டில் இராணுவம் தீவகத்துக்குள் வந்தபோது ஊரூராக இடம்பெயர்ந்தோம். ஆர் எவருடைய ஆள் என்று தெரியாத அந்த நாட்களில் வாயைக் கட்டியவர்தான் தப்பினார். "கேட்டால் தெரியாதெண்டு சொல்லு" என்றே பிள்ளைகளை வளர்த்தோம். போர் தனி மனிதரோடு சேர்த்து முழுச் சமூகத்தையும் காயப்படுத்துகிறது, மௌனமும் ஒருவரையொருவர் நம்பாமையும் அந்தக் காயத்தின் அடையாளங்கள் என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். அன்று அந்த மௌனம் உயிரைக் காத்தது. 2009 இற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அது என்னத்துக்கு?

நெடுந்தீவுப் பிள்ளை ஒன்று உயர்தரம் படிக்க யாழ்ப்பாணம் போகிறது என்று வையுங்கள். குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று பஸ். தினமும் போய்வர ஏலாது. விடுதி, அல்லது உறவினர் வீடு. வகுப்பிலோ மற்றப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டிலிருந்தே கூட்டாளிகள். அப்படிப் போன ஒருத்தி மூன்றாம் மாதம் பெட்டியோடு திரும்பி வந்தாள். படிப்பில் குறையில்லை. "இடைவேளையிலை ஆரோடை நிக்கிறதெண்டு தெரியேல்லை அன்ரி" என்றாள். அந்த ஒன்றுக்காகப் படிப்பையே விடப் பார்த்தாள்.

கதைப்பதும் பழக்கத்தால் வருவதுதான். 1990களில் உலக சுகாதார நிறுவனம் பாடசாலைகளுக்கென வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களில் தொடர்பாடலும் ஆளிடை உறவும் உள்ளன. நாங்கள் விறாந்தையில் இருந்து பழகினோம். தாய் வகுப்புப் பிள்ளையாக நடித்தா. "ரியூசனுக்குப் போறனீரோ?" என்று கேட்டால் "ஓம்" என்பதோடு கதை முடிந்துவிடும். "ஆற்றை வகுப்பு உமக்கு நல்லா விளங்குது?" என்றால் நாலு வசனம் வரும். மறுமொழியிலும் ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும். "எந்த ஊர்?" என்பதற்கு "நெடுந்தீவு" என்று நிறுத்தாமல், "நெடுந்தீவு, காட்டுக் குதிரை நிக்கிற இடம், முருகைக்கல்லிலைதான் எங்கடை வேலி" என்றால் மற்றவள் தானாகவே அடுத்த கேள்வி கேட்பாள். "தீவார்" என்று பகிடி பண்ணினால் ஒருதரம் சிரிக்கலாம். ஓயாமல் நோகடித்தால் ஆசிரியரிடம் சொல்லத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது ஒரு கேள்வி: "அப்பா என்ன செய்யிறார்?" எங்கள் வீடுகளில் எத்தனை அப்பாக்கள் இல்லை! போரில் போனவர், காணாமல் ஆக்கப்பட்டவர், கடலில் போனவர், விட்டுவிட்டுப் போனவர். சில தாய்மார் "வெளிநாட்டிலை எண்டு சொல்லு" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அந்தப் பொய்யைக் காக்க வேண்டுமே என்ற பயத்திலேயே பிள்ளை ஒருவரையும் கிட்ட விடாது. சுருக்கமாக உண்மையைச் சொல்லலாம். "அப்பா இல்லை. அம்மாதான் எங்களைப் பாக்கிறா. உங்கடை வீட்டிலை எத்தினை பேர்?" கூடத் துருவினால், "அதைப் பிறகு ஒருநாள் சொல்லுறன்." எவ்வளவு சொல்வதென்பது பிள்ளையின் விருப்பம். ஆனால் அதற்கு முதல் தாயும் பிள்ளையும் வீட்டில் அதைக் கதைத்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளையின் வீட்டில் அன்றுதான் முதன்முறையாக அப்பாவைப் பற்றி வாய்விட்டுக் கதைத்தார்கள். இருவரும் அழுதார்கள். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன்.

அவள் திரும்பிப் போனாள். முதற் கிழமை ஒருத்தி முகத்தைத் திருப்பினாளாம். அடுத்த மேசைக்காரி கொப்பி இரவல் கேட்டாளாம். அங்கிருந்து தொடங்கியது. கூட்டம் கூட்டமாகச் சிநேகிதிகள் தேவையில்லை, ஒருத்தி கிடைத்தாலே இடைவேளை கழிந்துவிடும். (ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பந்து கிடைத்தால் போதும், கதை பிறகு தானாக வரும்.) முகம் தெரியாத ஆள் போனில் சிநேகம் பிடித்து "அம்மாவுக்குச் சொல்லாதே" என்றால் மட்டும் உடனே உங்களிடம் சொல்லும்படி பழக்கி வையுங்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் அடுத்த படகு எத்தனை மணிக்கென்று விசாரிக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். பின்னேரம் புள்ளிக் கணக்கைக் கேட்கும் முன் "இண்டைக்கு ஆரோடை கதைச்சனி?" என்று கேளுங்கள். ஒருநாள் மகள் ஒரு சிநேகிதியைக் கூட்டிவந்தால், "ஆற்றை பிள்ளை, எந்தப் பகுதி, தேப்பன் ஆர்?" என்று வாசலில் விசாரணை வைக்காதீர்கள். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, இருவரையும் விறாந்தையில் விட்டு உள்ளே போய்விடுங்கள்.