சேவலை விற்குமுன் அதன் தாயைப் பாருங்கள்

1990இல் சொறிக்கல்முனைப் பக்கத்தில் வளவை விட்டு இடம்பெயர்ந்தவர்களுக்கும், 2004 ஆழிப்பேரலையில் எல்லாம் இழந்த கரையோரத்தவர்களுக்கும் ஒன்று தெரியும். வயல் மறுபடி கைக்கு வர நாளாகும். நாலைந்து கோழிகளை எங்கிருந்தாலும் வளர்க்கலாம்.

ஆனால் நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. கொழுத்த சேவலை நத்தாருக்கு அறுப்போம், அல்லது கல்முனையில் விற்போம். விலைப்படாத வற்றல் சேவலே அடுத்த குஞ்சுகளுக்குத் தகப்பனாகிறது. ஒரு பேட்டின் குணம் அதன் குஞ்சுகளுக்கு மட்டுமே போகும். பத்துப் பேடுகளுடன் திரியும் ஒற்றைச் சேவலின் குணமோ வளவிலுள்ள எல்லாக் குஞ்சுகளிலும் பாதியாக இருக்கும்.

சேவல் முட்டையிடுவதில்லை. உயரத்தையும் கொண்டையையும் பார்த்து அதன் முட்டைக் குணத்தை அறிய முடியாது. (சண்டைக்கென்றால் அது வேறு கதை.) ஆகவே தாயைப் பார்க்க வேண்டும். எந்தப் பேடு கூடுதலாக இடுகிறது, எது அடை கிடந்து விரைவில் மீண்டும் முட்டைக்கு வருகிறது என்று சில மாதம் கொப்பியில் குறித்து வாருங்கள். சிறந்த பேட்டின் முட்டைகளில் பென்சிலால் அடையாளமிட்டு, அவற்றை மட்டும் தனியாக அடைவையுங்கள். பொரித்த குஞ்சுகளின் காலில் நிற நூல் கட்டுங்கள். வளர வளர நூலைத் தளர்த்தாவிட்டால் கால் வெட்டுப்படும். அவற்றில் சுறுசுறுப்பான, ஊனமற்ற விடலைச் சேவலை வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் மட்டும் போதுமா? அமெரிக்காவின் மேய்ன் மாநில ஆய்வு நிலையத்தில் 1898 முதல் பல வருடம், மிகுதியாக முட்டையிட்ட பேடுகளின் மகன்களையே சேவலாக விட்டார்கள். சராசரி உயரவில்லை. பின்னர் றேமண்ட் பேர்ள் என்பவர், பிறந்த மகள்மார் இட்ட முட்டைகளைக் கணக்கெடுத்துத் தெரிவு செய்தபோதுதான் பலன் தெரிந்தது. எனவே தாயைப் பார்த்துச் சேவலைத் தெரிவு செய்தாலும், மகள்மாரைப் பார்த்தே அதன் மதிப்பை முடிவு செய்ய வேண்டும்.

புதுச் சேவல் வந்ததும் பழையதை அகற்றி, மூன்று வாரம் கழித்தே முட்டைகளை அடைவையுங்கள். பழைய சேவலின் விந்து பேட்டின் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்கும்.

வெள்ளை லெக்கோர்ன் சேவலை விட்டாலும் முட்டை கூடும். ஆனால் அதன் மகள்மார் அடை கிடக்க விரும்பாதவை. அடைக்கென்று இரண்டு ஊர்ப்பேடுகளை விற்காமல் வைத்திருங்கள்.

சேவலை அதன் மகள்மாரோடு சேர விடாதீர்கள். குஞ்சு பொரிப்பதும் குறையும், முட்டையும் குறையும். நல்ல மகள்மாரைத் தந்த சேவலை அறுத்துவிடாமல், அடுத்த ஊரிலுள்ள தெரிந்தவரின் நல்ல சேவலோடு மாற்றிக்கொள்ளலாம். வந்த சேவலை இரண்டு வாரம் தனியே அடைத்துவைத்து, நோயில்லை என்று கண்டபின் பேடுகளோடு விடுங்கள்.