உள்ளூர் சர்வருக்கு என்ன பெயர் வைப்பது?

ஸ்ரீரங்கம் கோயிலின் அரசு இணைய முகவரியை வலமிருந்து இடமாகப் படித்துப் பாருங்கள். முதலில் இந்தியா, பிறகு அரசு, தமிழ்நாடு, அறநிலையத்துறை, கடைசியில்தான் ரங்கநாதர். ராஜகோபுரத்தில் நுழைந்து ஒவ்வொரு பிராகாரமாகத் தாண்டி மூலஸ்தானம் சேர்வது போலவேதான் கம்ப்யூட்டரும் டொமைன் பெயரைத் தேடிப்போகிறது.

கடைக்குள் மட்டும் ஓடும் சர்வர்தானே என்று அந்தத் தேடல் தொடங்கும் இடமான பெயரின் வாலில் '.லோக்கல்' ஒட்டுகிறவர்கள் ஏராளம். நானும் திருச்சி தில்லைநகரில் ஓர் அலுவலகத்தில் 'பில்.லோக்கல்' என்று வைத்தேன். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பட்டென்று திறந்தது. கணக்காளரின் மேக்கில் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. காரணம், 2013-ல் அந்த வால் வேறொரு வேலைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அதைப் பார்த்ததும் மேக், பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரைக் கேட்பதற்கு முன் பக்கத்திலிருக்கும் பிரின்டர், டிவி எல்லாவற்றிடமும் "இந்தப் பெயர் யாருக்கு?" என்று கூவிக் கேட்கும்.

'.டெவ்' வைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். அது கூகுளுக்குச் சொந்தமானது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, அந்த வால் கொண்ட எல்லா முகவரிகளையும் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் திறப்பேன் என்றது. அதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத உள்ளூர் சர்வர்கள் திறக்காமல் நின்றன.

இனி பயமில்லாமல் வைக்க '.இன்டர்னல்' இருக்கிறது. வெளி இணையத்தில் யாருக்கும் அதை விற்பதில்லை என்று 2024 ஜூலையில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு முடிவு செய்தது. வீட்டுக்கென்றால் 2018 முதல் 'ஹோம்.ஆர்ப்பா'. ஆனால் சொந்த டொமைன் இருந்தால் அதன் கீழேயே 'பில்', 'ஸ்டாக்' என்று கிளைப்பெயர் வைப்பதுதான் என் சிபாரிசு. சர்வர் வெளியே தெரியாவிட்டாலும் முறையான பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கலாம், '.இன்டர்னல்' பெயருக்கு அதைப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் தராது.

ஊர்ப் பெயரைச் சேர்க்கிறீர்களா? திருச்சிராப்பள்ளியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஒருவர் ஒரு 'சி' போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். 'பி'யிலும் அதே தகராறு. ரயில்வே இதை எப்போதோ தீர்த்துவிட்டது: ஜங்ஷனுக்கு டிபிஜே, ஸ்ரீரங்கத்துக்கு எஸ்ஆர்ஜிஎம். போனில் ஒரே மூச்சில் சொல்லி, எதிர்முனையில் தப்பில்லாமல் எழுதிக்கொள்ள முடிகிற பெயர்தான் நல்ல பெயர்.

தமிழிலேயே வைக்க முடியுமா? முடியும். 2007 அக்டோபரிலேயே ஐகான் தமிழிலும் வெள்ளோட்டம் பார்த்தது. அப்போது இணையத்தில் ஏறிய முகவரி: உதாரணம்.பரிட்சை.