ஊசிமுனைக் காயமும் 200 பார் அழுத்தமும்

பொக்லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹோஸில் எங்கோ எண்ணெய் கசிகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க ஹெல்பர் கையால் தடவிப் பார்க்கிறார். விரலில் சுருக்கென்று ஏதோ குத்துகிறது. பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான், ரத்தம்கூட வரவில்லை. பனியன் துணியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார். இரவில் விரல் வீங்கி வெளிறுகிறது. வலி தாங்க முடியவில்லை. அதற்குள் அந்த எண்ணெய் தசைநாண்களை ஒட்டியே உள்ளங்கை வரை பரவியிருக்கும். இப்படித் தாமதமாக மருத்துவமனைக்கு வருபவர்களில் பலர் விரலை இழக்கிறார்கள். பெரும்பாலும் அது இடக்கையின் ஆள்காட்டி விரல். வலக்கையில் கருவியைப் பிடித்துக்கொண்டு இடக்கையால் தடவுவதுதான் காரணம்.

ஓர் எண்ணெய்க் கசிவு தோலைத் துளைக்குமா என்று கேட்கலாம். 7 பார் அழுத்தமே அதற்குப் போதும். கார் டயரில் இருக்கும் காற்று 2 பாருக்குச் சற்று மேல். பொக்லைனின் ஹைட்ராலிக் குழாய்களில் ஓடும் எண்ணெயோ 200 முதல் 250 பார். பெரிய இயந்திரங்களில் 300-ஐயும் தாண்டும். ஊசித்துளை வழியே அந்த அழுத்தத்தில் வெளியேறும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரையாகவோ புகைபோலவோதான் இருக்கும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டோ பலகையோ போதும். எண்ணெய் பட்ட இடத்தில் கறை தெரிந்துவிடும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத இந்தப் பழக்கத்தை வேலைக்குச் சேரும் முதல் நாளே யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனையோ விரல்கள் மிஞ்சியிருக்கும்.

இந்த இயந்திரங்களின் அடிப்படை எளிதானதுதான். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். 1795-இல் இங்கிலாந்தின் ஜோசஃப் பிராமா அதை வைத்து அழுத்து இயந்திரம் செய்து காப்புரிமை பெற்றார். அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் விசை. 10 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. அதில் 200 பார் அழுத்தம் ஏறினால் ஏறக்குறைய 16 டன் தூக்கும்.

மெக்கானிக்குகளில்கூடப் பலர் தவறாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. எண்ணெயை ஓட வைப்பது மட்டுமே அதன் வேலை. அந்த ஓட்டத்துக்கு எதிரே பாறையோ, மண்ணோ, தூக்கிய சுமையோ தடையாக நிற்கும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. இதைப் புரிந்துகொண்டால் இன்னோர் ஆபத்தும் புரியும்: எஞ்சினை நிறுத்தினால் பம்ப் நிற்கும், அழுத்தம் நிற்காது. தூக்கி நிறுத்திய பூம் என்ற தூக்குக் கையின் எடை முழுவதையும் வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையே அடைபட்ட எண்ணெய்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. சில இயந்திரங்களில் அக்யூமுலேட்டர் என்ற கலனும் உண்டு. அதில் நைட்ரஜன் வாயு எண்ணெயை அழுத்தியபடி இருக்கும். சாவியை எடுத்தபின்னும் அந்த அழுத்தம் அப்படியே காத்திருக்கும்.

ஆகவே ஹோஸைக் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, லிவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து, மிச்ச அழுத்தத்தை டாங்கிக்குத் திருப்ப வேண்டும். பல புதிய இயந்திரங்களில் சாவி ஆன் நிலையில் இருந்தால்தான் லிவர் அசைவு வேலை செய்யும். அக்யூமுலேட்டர் இருந்தால் தயாரிப்பாளர் சொன்ன முறையில் தனியாக வெளியேற்ற வேண்டும். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆகலாம். வண்டி வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது என்பதால் அந்த ஐந்து நிமிடத்தைத் தர மறுக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய உரிமை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைவிட எனக்குக் கோபம் வருவது ரிலீஃப் வால்வு விஷயத்தில். அழுத்தம் வரம்பைத் தாண்டினால் தானே திறந்து எண்ணெயை டாங்கிக்கு அனுப்பும் வால்வு அது. ஆபரேட்டரின் உயிருக்குக் காவல். "இழுவை பத்தலை, செட்டிங்கை ஏத்தி விடு" என்று சொல்லி அதன் திருகை முறுக்கச் சொல்வது பல இடங்களில் நடக்கிறது. பாறை அசையலாம். ஆனால் ஹோஸ், இணைப்பு, சீல் எல்லாமே பழைய வரம்புக்குத்தான் செய்யப்பட்டவை. புதிய ஹோஸ் அதில் எழுதியுள்ள அழுத்தத்தைப்போல் சுமார் 4 மடங்கு வரை தாங்கும்படி தயாரிக்கப்படுகிறது. வெயிலும் உரசலும் சேர்ந்து அந்தக் கையிருப்பைத் தின்றுவிடும். உள்ளே உள்ள கம்பி வலை வெளியே தெரிந்தால் ஹோஸை அன்றே மாற்ற வேண்டும்; ரப்பர் டியூப் சுற்றி ஓட்டக் கூடாது. வெடிக்கும் ஹோஸிலிருந்து தெறிக்கும் எண்ணெய் கொதிக்கும் சூட்டில் இருக்கலாம். சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும்.

டிப்பர் லாரியில் நடப்பது இன்னும் கொடுமை. தொட்டியைத் தூக்கிவிட்டு அடியில் புகுந்து கிரீஸ் வைப்பார்கள். மேலே பல டன் இரும்பு, கீழே ஒரு மனிதர், நடுவில் எண்ணெய் மட்டும். சீல் பழுதானாலோ, யாராவது லிவரைத் தட்டிவிட்டாலோ தப்பிக்க நேரம் கிடைக்காது. தொட்டியைக் காலி செய்து, வண்டியோடு வரும் இரும்புத் தாங்கியை முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே போகலாம். ஜாக்கியில் ஏற்றிய வாகனத்துக்கும் இதே விதிதான்: ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு.

அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் பிரஸ் இயந்திரத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி வைத்திருப்பது கைகளை வெளியே நிறுத்தத்தான். உற்பத்தி எண்ணிக்கைக்காக ஒரு பொத்தானைக் கட்டி வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தொழிலாளியே பாதுகாப்பு ஏற்பாட்டை வேண்டுமென்றே நீக்கினார் என்று நிரூபித்தால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ அல்லாத காயங்களுக்கு இழப்பீட்டை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு. சூப்பர்வைசர் வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. எழுதித் தரும்படி கேளுங்கள், அல்லது நீங்கள் ஆட்சேபித்ததை வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பி வையுங்கள்.

அழுத்த எண்ணெய் தோலுக்குள் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தாலே அது அவசரம். பிதுக்கவோ, சூடு வைக்கவோ வேண்டாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கையை உயர்த்திப் பிடித்து உடனே புறப்பட வேண்டும், 108-ஐ அழைக்கலாம். முதல் ஆறு மணி நேரம் மிக முக்கியம். பல மருத்துவமனைகளில் சிறு குத்துக் காயம் என்று நினைத்து டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். "ஹைட்ராலிக் ஆயில், அதிக அழுத்தத்தில் உள்ளே போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லி, எண்ணெய் டப்பாவின் லேபிளைப் படமெடுத்துக் காட்டுங்கள். காயத்தைத் திறந்து கழுவும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித்துறை இருக்கிறது. நோயாளிச் சீட்டில் "வேலையின்போது ஏற்பட்ட காயம்" என்று எழுதச் சொல்ல மறக்காதீர்கள். பின்னால் வழக்குக்கு அதுதான் முதல் ஆதாரம்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. பாதுகாப்பு பற்றிய விவரங்களை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்கு அது தருகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் ஒரே நேரத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு இஎஸ்ஐ உண்டு. பணிக்காயத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும். அவர் மீது தவறு இருந்ததென்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது, வேலையால் ஏற்பட்டது என்பது போதும். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. வயதையும் சம்பளத்தையும் வைத்துத் தொகை கணக்கிடப்படும். ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் வேலை கொடுத்த முதன்மை நிறுவனத்திடம் கேட்கலாம். மனு தொழிலாளர் துணை ஆணையரிடம் போக வேண்டும். "கையில் ஐயாயிரம் வாங்கிக்கோ, எழுதிக் கொடுத்துடு" என்று நீட்டும் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடும் முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். தொழிலாளர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100.