புதிய வரைகலை அட்டையும் விழியாத கணினியும்

கருவியொன்று பழுதுற்றவிடத்து அதனை இயங்கச் செய்தல் ஒன்று; பழுதின் காரணத்தை அறிதல் மற்றொன்று. முன்னது பின்னதின்றியும் சிலவேளை நிகழ்தல் கூடும். ஆயின் அங்ஙனம் நிகழ்ந்த திருத்தம் நிலைபெறுவதன்று. கிராபிக்ஸ் காட் என வழங்கும் வரைகலை அட்டையைப் புதிதாகப் பொருத்தியபின் கணினி தொடங்க மறுத்தல் இவ்வுண்மைக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

பழைய மாணவர் ஒருவர் அன்புடன் உதவிய அட்டையொன்றை எமது கணினி அறையில் மாணவர் சிலர் பொருத்தினர். ஆளியை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன; திரையோ இருண்டே கிடந்தது. விரைவிற் சமர்ப்பிக்க வேண்டிய செயற்றிட்டங்கள் அக்கணினியிலேயே இருந்தமையால் யாவரும் பதற்றமுற்றனர். ஒருவர் நினைவகத்தைக் கழற்றி மாட்டினார். ஒருவர் வடங்கள் அனைத்தையும் இழுத்துச் செருகினார். மற்றொருவர் தாய்ப்பலகையின் சிறு மின்கலத்தை எடுத்து வைத்தார். உடனிருந்த யானும் தடுத்தேனல்லேன். திரை ஒளிர்ந்தது. எதனால் ஒளிர்ந்தது என்பதை ஒருவரும் அறிந்திலர். ஐந்து நாட் கழித்து அது மீண்டும் இருண்டது.

இதன் காரணத்தை ஆராயப் புகுமுன், ஆளியை அழுத்தியவுடன் நிகழ்வதை அறிதல் வேண்டும். கணினி முதலிலே தற்சோதனை செய்கின்றது. செயலி, நினைவகம், வரைகலை அட்டை என்பன செவ்வனே உளவென்று கண்ட பின்னரே பணிசெயல் முறைமையை அழைக்கின்றது. குறை கண்டவிடத்து ஒலியாலேனும் விளக்காலேனும் உணர்த்துவதுண்டு. 1981 இல் வெளிவந்த ஐபிஎம் தனியாட் கணினியில், ஒரு நெட்டொலியும் இரு குற்றொலிகளும் திரைக்குரிய அட்டையின் குறையைக் குறித்தன. இக்குறிகள் உற்பத்தியாளர்தோறும் வேறுபடுமாதலின் தாய்ப்பலகையின் கைந்நூலை நோக்கிப் பொருள்கொள்ளல் வேண்டும். ஆகவே, திரை இருண்டது என்பதும் கணினி தொடங்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்க.

இனிக் காரணங்களை எளியன முதலாக முறையே நோக்குவாம்.

முதலாவது, திரையின் வடம். புதிய அட்டை பொருத்தப்பட்டதும் தாய்ப்பலகையிலுள்ள பழைய திரைவாயில் பல கணினிகளில் ஓய்ந்துவிடும். வடத்தை அட்டையின் வாயிலிலேயே செருகுதல் வேண்டும்.

இரண்டாவது, மின்வலு. அட்டை அமரும் செருகுவாய் 75 உவாற்று வரையே வழங்கவல்லது. அதற்குமேல் வேண்டும் அட்டைகளுக்கு மின்வலு வழங்கியிலிருந்து தனிச் செருகி வருதல் வேண்டும். ஆறு முனைச் செருகி 75 உவாற்றும் எட்டு முனைச் செருகி 150 உவாற்றும் தருவதற்கு அமைந்தவை. செயலிக்குரிய செருகியும் எட்டு முனைகளை உடையதேனும் அதன் அமைப்பு வேறு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வலிந்து புகுத்தலாகாது.

மூன்றாவது, பொருத்தம். அட்டை செருகுவாயில் முற்றாக அமர்ந்து, தாழ் விழுந்து, திருகாணியால் இறுக்கப்படல் வேண்டும். செருகிகளின் கொளுக்கியும் பற்றியிருத்தல் இன்றியமையாதது.

நான்காவது, இணக்கம். யூஈஎப்ஐ முறையில் மட்டும் தொடங்குமாறு அமைக்கப்பட்ட கணினியில், அம்முறையை அறியாத பழைய அட்டை தொடக்கத்தில் எதனையுங் காட்டாது. பழைய தாய்ப்பலகையிற் புதிய அட்டை பொருந்தாதவிடத்துப் பயோசின் புதிய பதிப்பு உதவுதல் கூடும்.

ஐந்தாவது, சாதனச் செலுத்தி. உற்பத்தியாளரின் சின்னம் தோன்றி அதன்பின்னரே திரை இருளுமாயின், வன்பொருளினும் மென்பொருளையே முதலில் ஐயுறல் தகும். பாதுகாப்பு நிலையிலே தொடங்கிப் பழைய செலுத்தியை நீக்கிப் புதியதை நிறுவுக.

இவற்றைச் சோதிக்கும் முறையும் அறியத்தக்கது. சுவரிலுள்ள மின் இணைப்பை நீக்கி, கணினியின் உலோகக் கூட்டைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிய பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். செயலியிலேயே வரைகலை வசதி உளதாயின், புதிய அட்டையை அகற்றித் திரையைத் தாய்ப்பலகையில் இணைத்துப் பார்க்க. கணினி விழிக்குமாயின் ஆராயவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். எல்லாவற்றினும் முக்கியமானது, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி, விளைவைக் குறித்துக்கொண்டு, அதன்பின் அடுத்ததற்குச் செல்லலாகும்.

இரண்டாம் முறை யாம் அவ்வாறே செய்தோம். வடத்திற் குறையில்லை. அட்டையை அகற்றியபோது கணினி விழித்தது. செயற்றிட்டங்களும் பழுதின்றி இருந்தன. மீண்டும் அட்டையைப் பொருத்தி மின்வலுச் செருகியை நோக்கினோம். அதன் கொளுக்கி பற்றவில்லை. முன்னர் யாவற்றையும் இழுத்துச் செருகியபோது அது தற்செயலாகப் பொருந்தி, மேசையை நகர்த்தியபோது நெகிழ்ந்திருக்கின்றது. நினைவகமும் மின்கலமும் வீணே குற்றஞ்சாட்டப்பட்டவை. கொளுக்கி பற்றும் ஒலி கேட்குமாறு அழுத்தியபின் அக்கணினி இன்றுவரை இருளவில்லை.

அன்று குறிப்பெழுதிய மாணவரின் தாள் கணினி அறையின் சுவரில் இன்றும் உளது. அடுத்த முறை திரை இருளும்போது, கையைக் கணினிக்குள் இடுமுன் கண்ணை அத்தாளின்மீது வைப்பார்களாயின், எமக்கு நேர்ந்த ஐந்து நாட் கவலை அவர்க்கு நேராது.