அக்கா ஏறிய படியில் தம்பி ஏன் சறுக்குகிறான்?

அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினச் சிறுவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில்: ஏழ்மை. அது பொய்யில்லை. அடிமை முறை போன பிறகும் இனம் பார்த்துப் பிரித்த பள்ளிகள் இருந்தன. 1930களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்து, அங்கே வீட்டுக்கடன் கொடுப்பது ஆபத்து என்று தரம் பிரித்தார்கள். அமெரிக்காவில் பள்ளிக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டு மதிப்பு விழுந்த இடத்தில் பள்ளியும் மெலிந்தது. ஆனால் எல்லாமே ஏழ்மையால் வந்தது என்றால், கையில் காசு சேர்ந்ததும் இந்த இடைவெளி மறைந்திருக்க வேண்டும். மறைந்ததா?

இந்தக் கேள்விக்கு இதுவரை இல்லாத அளவில் விடை தேடியவர் ராஜ் செட்டி. டெல்லியில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா சென்ற பொருளாதார அறிஞர். 1978 முதல் 1983 வரை பிறந்த சுமார் 2 கோடிப் பேரின் வரி விவரங்களையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும், பெயர்களை நீக்கிவிட்டு, அவரது குழு ஒன்றாக இணைத்துப் பார்த்தது. பள்ளியில் பின்தங்குவது பிற்கால வருமானத்திலும் தெரியுமல்லவா? 2018இல் முடிவு வெளியானது. ஒரே வருமானமுள்ள வீடுகளில், ஒரே வட்டாரத்தில் வளர்ந்தாலும், கறுப்பினச் சிறுவன் பெரியவனாகிச் சம்பாதிப்பது வெள்ளைச் சிறுவனைவிடக் குறைவு. நாட்டின் 99 சதவீத வட்டாரங்களில் இதே கதைதான். பணக்கார வீட்டுப் பையன்களும் இதற்குத் தப்பவில்லை.

வியப்பு இதற்கு அடுத்ததில்தான் இருக்கிறது. பெண்களை ஒப்பிட்டபோது அந்த இடைவெளியைக் காணோம். ஒரே வருமானமுள்ள வீடுகளிலிருந்து வந்த கறுப்பினப் பெண்ணும் வெள்ளைப் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே அளவு சம்பாதிக்கிறார்கள்.

இது எவ்வளவு பெரிய துப்பு என்று பாருங்கள். 'அந்த இனத்துக்கே அறிவு குறைவு' என்று இன்றும் சிலர் கூசாமல் சொல்கிறார்கள். அது உண்மையானால் அக்காவும் தம்பியோடு சேர்ந்து சறுக்கியிருக்க வேண்டும். ஒரே பெற்றோர், ஒரே வீடு, ஒரே தெரு. அப்படியானால் பையனுக்கு மட்டும் நேரும் ஏதோ ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

அதைத் தேடி மழலையர் பள்ளிவரை போனார் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம். நான்கு குழந்தைகள் விளையாடும் காணொளி ஒன்றை 130க்கும் மேற்பட்ட மழலையர் ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டினார்: ஒரு கறுப்பினச் சிறுவன், ஒரு கறுப்பினச் சிறுமி, ஒரு வெள்ளைச் சிறுவன், ஒரு வெள்ளைச் சிறுமி. யாராவது சேட்டை செய்கிறார்களா என்று கவனிக்கச் சொன்னார். ஆசிரியரின் பார்வை நொடிக்கு நொடி எந்தக் குழந்தைமேல் பதிகிறது என்பதை ஒரு கருவி அளந்தது. காணொளியில் சேட்டை எதுவுமே இல்லை. நால்வரும் நடிக்க வந்த குழந்தைகள். ஆனாலும் ஆசிரியர்களின் கண் கறுப்பினச் சிறுவன்மீதே அதிக நேரம் நின்றது. கறுப்பின ஆசிரியர்களும் விலக்கல்ல. 2016இல் வந்த இந்த ஆய்வை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. எழுத்துகூடக் கற்காத வயதில், எந்தத் தவறும் செய்யாமலே, அந்தப் பிள்ளை கண்காணிப்புக்குள் வந்துவிடுகிறான்.

யாரை உற்றுப் பார்க்கிறோமோ, அவர் தவறுதானே முதலில் கண்ணில் படும்? உளவியலாளர்கள் ஜேசன் ஒகோனோஃபுவா, ஜெனிஃபர் எபர்ஹார்ட் இருவரும் 2015இல் அடுத்த கட்டத்தைச் சோதித்தார்கள். ஒரு மாணவன் வகுப்பில் செய்த இரண்டு சிறு தவறுகளை எழுதி ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். தவறுகள் ஒன்றே, பெயர் மட்டும் சிலரிடம் கறுப்பினப் பெயர், சிலரிடம் வெள்ளைப் பெயர். முதல் தவறுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவதில் கறுப்பினப் பெயருக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்றார்கள். வெள்ளைச் சிறுவனுக்கு அது இன்னொரு தவறு. கறுப்பினச் சிறுவனுக்கு அதுவே அவன் குணம் ஆகிவிட்டது. 2013–14 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம், சஸ்பெண்ட் ஆனவர்களில் அவர்கள் 39 சதவீதம். வகுப்பில் உட்கார விடாத பிள்ளை எப்படிப் படிப்பான்?

வெளியே தெருவும் அவனைச் சும்மா விடுவதில்லை. வீட்டருகே ஒரு கொலை நடந்த சில நாட்களுக்குள் சொல்வளத் தேர்வு எழுதிய கறுப்பினக் குழந்தைகள், அதே வட்டாரத்தில் வேறு சமயத்தில் எழுதியவர்களைவிட வெகுவாகக் குறைந்த மதிப்பெண் பெற்றதை, சிகாகோவை ஆராய்ந்த பேட்ரிக் ஷார்க்கி 2010இல் காட்டினார். தெரிந்த சொல்லைக்கூட அச்சம் மறைத்துவிடுகிறது.

அந்த அச்சத்தோடு வளரும் பையன்களுக்காகவே சிகாகோவில் 'பிகமிங் எ மேன்' என்ற திட்டம் நடக்கிறது. அதன் ஒரு பயிற்சி இது. பையன்களை இரண்டிரண்டு பேராகப் பிரிப்பார்கள். ஒருவன் கையில் பந்து. அதை 30 நொடிக்குள் மற்றவன் வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான், அறையே ரணகளமாகிவிடும். விரலை முறுக்குவார்கள், தரையில் உருளுவார்கள். நேரம் முடிந்ததும் நெறியாளர் கேட்பார்: "பந்தைக் கொடுன்னு யாராவது கேட்டீங்களா?" யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "கேட்டிருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று எதிராளியிடம் திரும்பினால், "கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே" என்பான்.

தெருவில் யோசிக்காமல் பாய்ந்தால்தான் பிழைக்க முடியும். அதே பழக்கம் வகுப்பறையில் அவனைக் கவிழ்த்துவிடும். எங்கே எது தேவை என்று ஒரு கணம் நின்று பார்க்கவே இந்தப் பயிற்சி. குலுக்கல் முறையில் மாணவர்களைத் தேர்ந்து நடத்திய சோதனைகளில், பங்கேற்றவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது திட்டக் காலத்தில் 45 முதல் 50 சதவீதம் குறைந்தது. முதல் சோதனையில் பங்கேற்றவர்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது 12 முதல் 19 சதவீதம் கூடியது.

பையன் மாறினால் போதாது. அவனைப் பார்க்கும் கண்ணும் மாற வேண்டும். வட கரோலினாவில் சுமார் ஒரு லட்சம் கறுப்பின மாணவர்களைப் பின்தொடர்ந்த சேத் கெர்ஷன்சன் குழு கண்டது இது: மிக ஏழை வீட்டுச் சிறுவன் ஒருவனுக்கு மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியர் கிடைத்தாலும், அவன் பிற்பாடு படிப்பை நிறுத்திவிடும் வாய்ப்பு 39 சதவீதம் குறைகிறது. ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியர், ஒரு வருடம். அதன் பலன் எத்தனையோ ஆண்டு கழித்தும் நிற்கிறது.

ஆனால் அப்படி ஒருவர் கிடைப்பது அரிது. 2020–21 கல்வியாண்டில் அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் சுமார் 6 சதவீதம்தான். இதற்கும் ஒரு வரலாறு உண்டு. பள்ளிகளை இனம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, மகத்தான தீர்ப்பு. அதை நிறைவேற்றும் பெயரில் தென்மாநிலங்கள் கறுப்பினப் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிகளுக்கு மாற்றின, ஆசிரியர்களை மாற்றவில்லை. பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலையிழந்தார்கள். தம்பிக்குக் கைகொடுத்திருக்க வேண்டியவர்களை அதிகாரிகள் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பயிற்சியும் பணியும் கொடுத்து அவர்கள் இடத்தை நிரப்பவும் அதிகாரிகளின் கையெழுத்தே போதும்.