பேஸ்போட் ஹீற்றர்: வாங்குமுன் அறிய வேண்டியவை

நமது வணிகர்களில் பலருக்குக் கடைக்கொன்று, வீட்டுக்கொன்று என இரண்டு ஹைட்ரோ பில் வருகின்றது. கடைப் பில்லைச் சதக் கணக்கில் ஆராய்பவர்கள் வீட்டுப் பில்லைக் கேள்வி கேளாமல் கட்டிவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அந்தப் பில் ஏறுவதற்கு ஒரு காரணம் மின்சார ஹீற்றர். அதனை எப்படித் தெரிந்து வாங்குவது, எப்படிப் பூட்டுவது என்பதை இங்கே சொல்கிறேன்.

ஒன்ராறியோவில் பெரும்பாலான வீடுகளை எரிவாயுப் பேர்னஸ் சூடாக்குகின்றது. ஆனால் பேஸ்மென்ற் அறைக்கும், பின்னால் இழுத்துக் கட்டிய அறைக்கும் அந்தச் சூடு சரியாக எட்டுவதில்லை. அங்கேதான் சுவரடியில் நீளமாகப் பூட்டும் பேஸ்போட் ஹீற்றர் பயன்படுகின்றது. மின்சாரம் மலிவான கியூபெக்கில் வீடு முழுவதையும் இதனாலேயே சூடாக்குவது வழக்கம்.

எல்லா ஹீற்றரும் ஒரே நிறைதான்

ஒரு கிலோ அரிசியை எந்தச் சாக்கில் போட்டாலும் ஒரு கிலோதான். அதுபோல 1500 வாற் ஹீற்றர் எந்தக் கொம்பனியுடையதானாலும் 1500 வாற் சூட்டைத்தான் தரும். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் சூடாகவே வெளியே வருகின்றது. ஆகவே "இது பாதி மின்சாரத்தில் அதே சூட்டைத் தரும்" என்று ஒருவர் விலை கூட்டிச் சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே திரவம் நிரப்பிய வகை, நிறுத்திய பின்னும் சற்று நேரம் இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சுகத்திற்காக வாங்கலாம். பில் குறையும் என்று வாங்கக்கூடாது. பணம் மிச்சமாவது அளவிலும், இடத்திலும், தேர்மோஸ்ராற்றிலும்தான்.

அளவு பார்த்தல்

சாதாரண அறைக்குச் சதுர அடிக்கு 10 வாற் என்று கணக்கிடுவது வழக்கம். 12 அடிக்கு 12 அடி அறை 144 சதுர அடி. அதற்கு 1500 வாற் போதும். வெப்பக்காப்பு இல்லாத சுவரும் பழைய யன்னலும் உள்ள அறைக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆனால் முதலில் யன்னல் இடுக்கை அடைப்பதே மலிவு. அடைத்தால் ஒருமுறை செலவு. அடைக்காவிட்டால் மாதாமாதம் செலவு.

ஹீற்றரில் 240 வோல்ற், 120 வோல்ற் என இருவகை உண்டு. நிலையாகப் பூட்டுவதற்கு 240 வோல்ற்றே வழக்கம். மாற்றிப் பூட்டினால் கேடு. 240 வோல்ற் ஹீற்றரை 120 வோல்ற்றில் கொடுத்தால் கால்பங்கு சூடுதான் வரும். 120 வோல்ற் ஹீற்றரை 240 வோல்ற்றில் கொடுத்தால் நான்கு மடங்கு சூடேறி எரிந்துவிடும். வாங்கும்போது பெட்டியில் வோல்ற் அளவையும் சி.எஸ்.ஏ. போன்ற அங்கீகார முத்திரையையும் பார்க்க வேண்டும்.

வயரும் பிரேக்கரும்

ஹீற்றர் மணிக்கணக்காக ஓடும் சாமான். ஆதலால் பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்திற்கு மேல் சுமத்தக் கூடாது. 20 அம்பியர், 240 வோல்ற் இணைப்பில் முழு அளவு 4800 வாற். சுமத்தக்கூடியது 3840 வாற். 1500 வாற் ஹீற்றர் இரண்டு அதில் அடங்கும், மூன்றாவது அடங்காது. பிரேக்கர் அடிக்கடி விழுகின்றது என்று பெரிய பிரேக்கரை மாற்றிப் போடுவது மிக ஆபத்தானது. பிரேக்கர் விழாது, சுவருக்குள் வயர் சூடேறும்.

சிலர் இந்தச் செலவுக்குப் பயந்து, செருகும் சிறு ஹீற்றரை எக்ஸ்ரென்ஷன் வயரில் கொடுத்துக் குளிர்காலம் முழுவதையும் ஓட்டுகிறார்கள். 120 வோல்ற்றில் 1500 வாற் என்பது 12.5 அம்பியர். மெல்லிய வயர் அதைத் தாங்காது. பேஸ்மென்ற்றில் குடியிருப்பவர்கள் இரவில் தூங்கும்போது அந்த வயர் எரியத் தொடங்கினால் வெளியேற ஒரு வாசல்தான் இருக்கும் என்பதை வாடகைக்குக் கொடுப்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பூட்டும் இடம்

யன்னலின் கீழே பூட்டுவதே முறை. யன்னல் கண்ணாடியில் குளிர்ந்து கீழே இறங்கும் காற்றை, ஹீற்றரிலிருந்து எழும் சூட்டுக் காற்று தடுத்து மேலே கொண்டு செல்லும். திரைச்சீலை மேலே விழக்கூடாது. கட்டில், சோபாவை ஒட்டி வைத்தால் காற்று ஓடாது. மின்செருகிக்கு நேர்கீழே பூட்டக்கூடாது. தொங்கும் வயர் உருகும். நமது வீடுகளில் பேஸ்மென்ற்றே இரண்டாவது களஞ்சியம் என்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: அப்பளப் பெட்டியும், வெறும் சாக்கும், எண்ணெய்த் தகரமும் ஹீற்றர் உள்ள அறையில் வேண்டாம். ஆண்டுதோறும் குளிர் தொடங்குமுன், பிரேக்கரை நிறுத்தி உள்ளே படிந்த தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும்.

தேர்மோஸ்ராற்

ஒவ்வொரு அறைக்கும் தனித் தேர்மோஸ்ராற் இருப்பதே இதன் பெரிய வசதி. ஆளில்லாத அறையைக் குறைத்து வைக்கலாம். இலக்கம் காட்டும் மின்னணு வகை, பழைய சுழற்றும் வகையைவிடச் சூட்டைச் சீராக வைத்திருக்கும். பேர்னஸுக்கு வாங்கும் குறைந்த வோல்ற் தேர்மோஸ்ராற்றை இதில் நேரடியாக இணைக்கக் கூடாது.

1500 வாற் ஹீற்றர் முழுவதுமாக ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிற். பத்து மணி நேரத்திற்கு 15 யூனிற். 30 நாளைக்கு 450 யூனிற். ஒன்ராறியோவில் நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, குளிர்கால வேலைநாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் யூனிற் விலை கூட. கடைக்குப் போகும் நேரத்தில் வீட்டுச் சூட்டைக் குறைத்துவிட்டுப் போவது நல்லது.

யாரைக் கொண்டு பூட்டுவது?

ஒன்ராறியோவில் கூலிக்கு இந்த வேலை செய்பவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். வேலையை மின் பாதுகாப்பு ஆணையத்திற்கு அறிவிக்கவும் வேண்டும். பத்திரத்தைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். தெரிந்த பையன் மலிவாகச் செய்வான் என்று விட்டால், நாளை தீ விபத்து நேரும்போது காப்புறுதிக் கொம்பனி கேட்கும் முதற்கேள்விக்குப் பதில் இராது.

வீடு முழுவதையும் மின்சாரத்தால் சூடாக்க எண்ணுபவர்கள் ஹீற் பம்ப்பின் விலையையும் விசாரிக்க வேண்டும். அது வெளிக்காற்றிலுள்ள சூட்டை உள்ளே கொண்டு வருவதால், கடுங்குளிர் இல்லாத நாட்களில் ஒரு யூனிற்றுக்கு இரண்டு மூன்று மடங்கு சூடு தரும். ஓரிரு அறைக்கு மட்டும் என்றால் பேஸ்போட் ஹீற்றரே சிக்கனம். கடைக்குப் போகுமுன் அறையின் அளவு, வோல்ற், பனலில் மிச்சமுள்ள இடம் மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.